சாத்தானுக்கு எங்கள் வீட்டில் நாற்காலி இல்லை

போல்மார்த், கார்ன்வால்
நவம்பர், ஞாயிறு மாலை

என் அன்பு மகள் கெர்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ஆல்பர்ட்டாப் பனியில் நீயும், நீ கட்டிக்கொள்ளப்போகிற ப்ராமும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தோள்வலி தேவலை, ஆனாலும் படகை இழுக்கும்போது முனகுகிறார், கேட்டால் முனகவில்லை, பாட்டு பயிற்சி செய்தேன் என்கிறார். புயலில் பின்பக்கத்துக் கூரை ஓடு கொஞ்சம் பறந்துவிட்டது, ஏணி போட்டு ஏறாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் போனில் ஒரு வார்த்தை சொல், மகள் சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

வியாழக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்திருந்தால் தவறு, கோபத்தில்தான் வைத்தேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். என் கல்யாணத்துக்குக் கழுத்து மூடிய உடுப்பு போட்டு வா, சங்கிலியில் தொங்கும் அந்த நட்சத்திரத்தை உள்ளே தள்ளிக்கொள், ப்ராமின் அம்மா ஹெட்டி கேட்டால் சர்ச்சுக்குப் போகிறவள் என்று சொல், ஒரு வாரம்தானே அம்மா என்றாய். அதற்கு முன்பே, அம்மாவுக்குத் தோட்டம் என்றால் உயிர் என்று வேறு அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாய். தோட்டமா, கெர்ரா? என் கையில் புதினாகூடச் செத்துப்போகும். பொய் சொல்வதென்றால் நான் காப்பாற்றக்கூடிய பொய்யாகவாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உனக்குப் பதில் சொல்லும் முன்பு இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ கவலைப்படுவாய் என்று அப்பா இத்தனை நாள் தடுத்துவிட்டார். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளை நான் எப்படிக் கொண்டாடுவேன் என்று உனக்குத் தெரியும், வழக்கம்போலக் குங்குமப்பூ பன் சுட்டு, மிச்சத்தை நான் ஓட்டும் பள்ளி வேனில் வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். போன வருடம் லண்டனிலிருந்து மேட்டு வீட்டுக்குக் குடிவந்தார்களே லாங்டன் குடும்பம், அந்த வீட்டுப் பெண் இமொஜென் இரண்டு பன் தின்றாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அதற்குச் சில நாள் முன்புதான் அவள் அம்மா பாட்ரிஸ் என் கழுத்தில் இருப்பது என்னவென்று கேட்டிருந்தாள். நானும் மறைக்காமல், விக்கா என்ற இயற்கை வழிபாட்டு நெறியைச் சேர்ந்தவள் நான், சூனியக்காரி என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள், வேன் ஓட்டும் வென்னா மந்திரித்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள் என்ற பேச்சு தபால் நிலையத்துக் கடைவரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருடமாக மழையிலும் பனிமூட்டத்திலும் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்திருக்கிறேன், அதையெல்லாம் ஒரு பன் தின்றுவிட்டது.

தலைமை ஆசிரியர் பென்ஹேல் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். "அது வெறும் நகைதான், ஏதோ சந்தையில வாங்கினேன்னு சொல்லிடுங்க வென்னா. எல்லாம் தானா அடங்கிடும்" என்றார். பார், நீ கேட்டதையேதான் அவரும் கேட்டார். அவர் நல்ல மனிதர், நீயும் நல்ல பெண். கெட்டவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்வது சுலபம், நல்லவர்களிடம் சொல்வதுதான் பாடு. ஆனாலும் சொன்னேன், முடியாது, பெற்றோர் கூட்டம் போடுங்கள், எல்லோர் முன்னாலும் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் காபியைத் தள்ளிவைத்துவிட்டு நாள்காட்டியை எடுத்தார்.

கூட்டம் அப்பா பாட்டுக்குழுவில் பாடும் மெதடிஸ்ட் சபையின் கூடத்தில்தான் நடந்தது, ஊரில் பெரிய இடம் அது ஒன்றுதானே. ஈரக் கோட்டு வாடையும் டீ கொதிக்கும் சத்தமுமாக இருந்தது. அதற்குள் என்ன ஆயிற்று தெரியுமா, இமொஜெனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருந்தது, அவள் வகுப்பில் பாதிப் பேருக்கும் அப்படியே, அதில் முக்கால்வாசிப் பேர் என் வேனில் கால் வைத்ததே கிடையாது. சின்னம்மை. பென்ஹேல் எழுந்து, டாக்டரே சொல்லிவிட்டார், ஆகவே இந்த விஷயம் முடிந்தது, டீ தயாராக இருக்கிறது என்றார். எல்லோருக்கும் பெருமூச்சு. ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகைதான் என்னைச் சுட்டது, கெர்ரா. அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

"அம்மை வந்ததாலதான் நான் தப்பிச்சேனா? அது வராம இருந்திருந்தா இந்நேரம் நான் யாரு? டீ எங்கயும் போயிடாது. மனசுல இருக்கறத என் முகத்தப் பாத்துக் கேளுங்க" என்றேன்.

 முதலில் பாட்ரிஸ்தான் எழுந்தாள், அந்தத் தைரியத்துக்கு அவளை நான் மதிக்கிறேன். நீங்கள் சாத்தானைக் கும்பிடுகிறீர்களா என்று நேராகவே கேட்டாள். "சாத்தான் உங்க வேதத்துல இருக்கற ஆளும்மா. அவன நம்பணும்னா முதல்ல உங்க சாமிய நம்பணும். எங்க வீட்டுல அவனுக்கு உக்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது" என்றேன். ஒரு தேவியும் ஒரு தேவனும், நிலவும் சூரியனும், விதைப்பும் அறுப்பும், இதுதான் என் வழிபாடு, இந்த நட்சத்திரத்தின் ஐந்து முனையும் நிலம், நீர், நெருப்பு, காற்று, அதோடு உயிர் என்று சொன்னேன். கறிக்கடை டென்ஸில் பின்னாலிருந்து, ஆடு கோழி பலி உண்டா என்று கேட்டார். அதை வெட்டுகிற ஆளே கேட்கிறாரே, என் வீட்டில் உயிரைக் கொல்வது என் புருஷன் ஜோரி ஒருவர்தான், அதுவும் நீங்கள் மீன் கேட்பதால் என்றேன், கூடமே சிரித்தது. நிர்வாணமாக ஆடுவீர்களாமே என்று ஒரு குரல் வந்தது, யார் என்று தெரியும், பெயர் எழுதமாட்டேன். உடுப்பில்லாமல் கும்பிடுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் வழக்கம், இந்த ஊர்க் காற்றில் எனக்குக் கம்பளிச்சட்டைமேல் கம்பளிச்சட்டை வேண்டும் என்றேன்.

பழைய பள்ளி வாத்தியார் நான்கிவெல், இதெல்லாம் கற்கால மதம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். அங்கே பெருமைக்குப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாள்களும் பெயர்களும் பழையவை, எங்கெங்கிருந்தோ பொறுக்கியவை, ஆனால் நாங்கள் செய்கிற முறையை ஒன்றுசேர்த்து வைத்தது நம் தாத்தா காலத்து ஆட்கள்தான் என்றேன். பழைய தெய்வங்களைக் கும்பிடும் பேகன் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரும் விக்கா இல்லை, மரங்களைப் போற்றுகிறவர்கள், வடதேசத்து தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் என்று பல கூட்டம் உண்டு, எங்களுக்குள் ஒத்துப்போகவே போகாது என்றும் சொன்னேன். அப்புறம் சொன்னேன், புதியது என்பதால் பொய்யாகிவிடுமா, உங்கள் சபையும் ஒரு காலத்தில் புதியதுதான், இதே கார்ன்வாலில் வயலில் நின்று பிரசங்கம் கேட்டவர்கள்மேல் கல்லெறிந்தார்கள், அந்தக் கல்லை எறிந்ததும் பக்கத்து வீட்டுக் கைதான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

கடைசியாகப் பாட்ரிஸ் மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை குரல் வேறு. "இவ்வளவு பேசினதுக்கு அப்புறம் எங்களுக்கு ஏதாவது செஞ்சுடுவீங்களோன்னு பயமா இருக்கு" என்றாள். அவள் நடிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் கோபம் வரவில்லை, வலித்தது. யாருக்கும் தீங்கில்லை என்றால் உன் விருப்பப்படி செய், எங்களுக்குச் சொல்லித்தந்த பெரிய வாக்கு அதுதான், நாம் அனுப்புவது மூன்று மடங்காக நமக்கே திரும்பும் என்று நம்புகிறவர்களும் எங்களில் நிறையப் பேர், அதனால் சாபம் போடுவது எங்கள் வீட்டுக் கூரையை நாங்களே கொளுத்துவதுபோல என்று சொன்னேன். "எனக்குச் சாபம் போடத் தெரிஞ்சிருந்தா, தினம் காலையில என் வேனுக்கு முன்னாடி நடு ரோட்டுல டிராக்டர் ஓட்டுற கார்லியன் இன்னிக்கு இங்க முழுசா உக்காந்திருப்பாரா?" என்றும் கேட்டேன். முதலில் சிரித்தது கார்லியன்தான்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். பாட்டைத் தவிர வேறு எதற்கும் அவர் சபையில் வாய் திறந்ததில்லை என்று உனக்குத் தெரியும். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை எனக்குச் சட்டைய இஸ்திரி போட்டு இங்க அனுப்பறவ இவ. பௌர்ணமிக்கு இவ கும்பிடப் பாறை மேல போறப்ப பிளாஸ்க்ல டீ போட்டுக் குடுக்கறவன் நான். எங்க வீட்டுல சண்டை வந்தா அது சாமியால இல்ல, இவ பாத்திரத்த ஊறப் போட்டுட்டு மறந்துடறதால" என்றார். உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. நான் அவரை அந்த நிமிடம் எப்படிப் பார்த்தேன் என்று மகளுக்கு எழுதக் கூடாது.

எல்லாம் தேனாக முடிந்துவிட்டது என்று நினைக்காதே. மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை என் வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாட்ரிஸ் இமொஜெனைத் தன் காரிலேயே கொண்டுபோகிறாள், அதே நேரம், அதே ஒற்றைச் சாலை, முந்தவும் இடமில்லை, தினமும் பள்ளி வாசல்வரை என் பின்னாலேயே ஊர்ந்து வருகிறாள். இமொஜென் மட்டும் கண்ணாடி வழியாக எனக்குக் கை அசைக்கிறாள். வேனில் இனித் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று பென்ஹேல் சொல்லிவிட்டார், அதற்குச் சரி என்றேன், பிள்ளைகளின் வயிறு அவரவர் பெற்றோர் பாடு. வேலை இருக்கிறது. நட்சத்திரம் சட்டைக்கு மேலேயே இருக்கிறது.

இப்போது உன் விஷயம். பேய் வேஷம் போடுகிற ஹாலோவீன் இரவு பற்றி ஹெட்டி கேட்பாள், அவளிடம் சொல், அம்மா அன்று பேயோடு கூத்தாடவில்லை, செத்துப்போனவர்களுக்குப் படையல் வைத்தாள் என்று. இந்த வருடமும் கடலோடு போன உன் பெட்ரோக் சித்தப்பாவுக்குத் தட்டு வைத்தேன். மெதடிஸ்டான உன் அப்பாதான் புகைபோட்ட கானாங்கெளுத்தியைத் தன் கையால் எடுத்து அதில் வைத்தார், தம்பிக்கு வால் பக்கம்தான் பிடிக்கும் என்று தேடி எடுத்தார். இதில் ஹெட்டி பயப்பட என்ன இருக்கிறது? யாரையும் என் பக்கம் இழுக்கமாட்டேன் என்றும் சொல், இத்தனை வருடத்தில் கட்டிய புருஷனையே இழுக்கவில்லை.

சின்ன வயதில் உன்னைச் சூனியக்காரி மகள் என்று கேலி செய்தார்கள், அது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்தப் பையனின் மண்டையில் சாப்பாட்டு டப்பாவால் போட்டுவிட்டு வந்து, ஆமாம் அதுக்கென்ன என்று கேட்டேன் அம்மா என்று சொன்ன பெண் எங்கே போனாள்? ஆல்பர்ட்டாக் குளிரில் உறைந்துவிட்டாளா? டப்பா வேண்டாம், அந்த வாய் மட்டும் போதும்.

நான் வருகிறேன். உன் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருவேன், அவர்கள் எழும்போது எழுவேன், பாடும்போது பாடுவேன், அந்தப் பாட்டெல்லாம் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அவர்கள் வீட்டில் அவர்கள் சாமிக்கு மரியாதை. ஆனால் கழுத்து மூடிய உடுப்பு கிடையாது. அதை உன்னால் ஏற்க முடியாது என்றால், வராதே அம்மா என்று உன் வாயால் நேராகச் சொல். அழுவேன், ஆனால் இங்கேயே இருந்துகொள்வேன். வேறொருத்தியாக வேஷம் போட்டு என் மகள் கல்யாணத்தில் நிற்கமாட்டேன், நீ தோளில் சாய்ந்து அழும்போது உன் அம்மா அங்கே இருக்க வேண்டும்.

நிலவும் கடலும் உன்னைக் காக்கட்டும், அப்பாவின் ஆண்டவரும் கூட நின்று காக்கட்டும், யார் முதலில் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். கடைவாய்ப் பல்லைக் கல்யாணத்துக்கு முன் டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. ஹெட்டியிடம் நான் வந்து இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடு. நீ சொன்னால் அது அறிமுகம், நான் சொன்னால் அது அதிர்ச்சி.

என்றும் உன்,
அம்மா
வென்னா ட்ரெவெயில்