செந்தூரம் பூசிய பச்சைக்கல்

என்னைப் பெற்று வளர்த்த அப்பாவுக்கு,

எங்கே இருந்தாலும் இதைக் கேளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ரங்கூனில் நீங்கள் செதுக்கச் சொல்லி வாங்கி, துணி மூட்டைக்குள் வைத்து ஊர் கொண்டுவந்த பச்சைக்கல் ஆஞ்சநேயரைத் தம்பி சோதித்துவிட்டான். பம்பாய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறானே, போன லீவுக்கு வந்தபோது பாதத்தில் ஒரு சில்லு பெயர்த்துக்கொண்டு போனான். நேற்று வந்து இறங்கியதும் சிரித்தான்.

"பாட்டில் கண்ணாடின்னு கேலி பேசுன பெரியப்பாவக் கூப்புடுக்கா. அப்பா ஏமாறல. அசல் பர்மாப் பச்சை!"

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு மெஷினாம். கல்பொடியைக் கரிப்பொடியோடு கலந்து மின்பொறி பறக்கவிட்டால் அணுக்கள் சிதறி ஓடுமாம். காந்தம் அவற்றை வளைக்குமாம். லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். படத்தட்டில் ஒவ்வொன்றும் தனிக்கோடாக விழும். பர்மாப் பச்சைக்கு உரிய சோடியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் விழுந்திருந்தன. உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன் அப்பா.

பிறகு அவன் முகம் மாறியது. "ஈயக்கோடும் விழுந்திருக்குக்கா. சில்லோட உள்பக்கத்தத் தனியாச் சுரண்டிப் பாத்தேன், அதுல இல்ல. கல்லு சுத்தம். மேல என்னத்தப் பூசுற?"

"செந்தூரந்தான். சனிக்கிழமைதோறும், அப்பா பூசுன மாதிரியே."

"அது ஈயத்துல செய்யுறதுக்கா, விஷம். கழுவுற தண்ணிய என்ன செய்யுவ?"

குடிக்கிறோம் என்றேன். வீட்டுச் செலவில் எதைச் சுருக்கினாலும் செந்தூரத்தில் சுருக்காதவள் நான். அந்தத் தண்ணீரைத் தீர்த்தமென்று முதலில் குடித்தவர் நீங்கள். கடைசி வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தீர்களே. மணிக்கட்டு தொங்கிப்போய், காப்பி டம்ளரைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்தீர்களே. வயசானால் அப்படித்தான் என்றார்கள். அது வயசுதானா, அப்பா?

தம்பியிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உங்கள் படத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

உங்கள் பேத்திக்கு இப்போது நாலு வயது. கொஞ்ச நாளாக வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அனுமாரே, பூச்சியாகவே இருக்கட்டும்.

இன்று காலை குளித்துவிட்டு வழக்கம்போல வந்து தீர்த்தத்துக்கு உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். பானைத் தண்ணீரை ஊற்றினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தாத்தா தண்ணி இல்லம்மா" என்றாள்.

அருப்புக்கோட்டைக்குப் போய் மதுரை பஸ் ஏறப்போகிறோம். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறான் தம்பி. அவனும் கூட வருகிறான்.

நீங்கள் கும்பிட்ட சாமியை நான் விடமாட்டேன். செந்தூரத்தை மட்டும் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி அவருக்குத் துளசி மட்டும்தான். அவரைக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உங்கள் பேத்தியின் வாயில் படாது. இது உங்கள் மேல் சத்தியம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

நீங்கள் முதலில் தூக்கிய பிள்ளை,
உங்கள் மூத்த மகள்,
திருச்சுழி