பொங்கிய மண்ணின் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபத்தில் இருந்தாலும் நலம் விசாரிக்காமல் எழுத மனசு வரவில்லை. அண்ணிக்குக் கால்வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்க மாட்டார், நீயே எடுத்து ஒளித்து வை.

நேற்று போனில் நீ கத்தினாய், நான் வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்!

எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை எதை வைத்து வெளியேற்றினால் மலிவு என்று ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. இப்போது ஓடுகிற லாரிகளா, நீ விற்கிற கன்வேயர் பெல்ட்டா? உன் கம்பெனிக் கணக்குப்படி, ஒரு கனமீட்டர் மண்ணுக்கு பெல்ட்டில் கால்வாசி செலவு குறைவு. அண்ணன் பொருளாயிற்றே என்று எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் கண்ணில் பட்டது. லாரிக்கு, வெட்டுவதற்கு முன்னால் இறுகிக் கிடக்கிற மண்ணை அளந்திருக்கிறோம். பெல்ட்டுக்கு நீங்கள் அளந்தது வெட்டிய பிறகு பொங்கி நிற்கிற மண்ணை. அதே மண் கூடுதல் கனமீட்டராகத் தெரியும், கனமீட்டருக்குச் செலவு குறைந்த மாதிரி இருக்கும். பஞ்சை உதறினால் தலையணை உப்பும், பஞ்சு கூடுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயே, அதுவும் என்னிடம்!

அதைத் திருத்தினால் இரண்டும் ஏறக்குறைய சமம். பாறைக் கட்டியை உடைக்காமல் பெல்ட்டில் போட முடியாது. உடைக்கிற இயந்திரத்தின் செலவையும் விட்டிருக்கிறீர்கள். அதைச் சேர்த்தால் லாரிதான் மலிவு. பெல்ட்டால் டீசல் மிச்சமாவது நிஜம். அதைக் குறைக்காமல் உன் பக்கம் எழுதியிருக்கிறேன்.

புருஷன் வேலையைக் காப்பாற்ற அண்ணனைக் கவிழ்க்கிறாய் என்றாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அவர் லாரி ஓட்டுகிறவர்தான். பெல்ட் நேர்வழியில் ஜெயித்தால் அப்படியே எழுதுவேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மனுஷன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே.

படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டினாய். ஆமாம், நீதான் படிக்க வைத்தாய். உன் சட்டை கிழிந்திருக்கும்போது எனக்குப் புத்தகம் வாங்கினாய். மறந்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த ஆர்டர் போனால் உன் வேலையும் போகும் என்கிறாய். போனால் குடும்பத்தோடு இங்கே வா, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். கையெழுத்து மட்டும் கேட்காதே.

வெள்ளிக்கிழமை இங்கே இந்த ஆர்டரை முடிவு செய்கிற கூட்டம். அதற்குள் கணக்கை நீயே திருத்தி அனுப்பு. அளவு மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அனுப்பாவிட்டால் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வேன். இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்பார்கள். என் அண்ணன் என்று சொல்ல வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தங்கை