கொஞ்சம் பிந்தி விழும் அடி

பிப்ரவரி 4, புதன்

காலையில் பனி. புவனகிரி ரோடு பாதிதான் தெரிந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து எங்கள் மைக்செட் கடைக்கு ஸ்பீக்கர்கள் திரும்பி வந்தன. ஒன்றின் வலை முழுக்க கல்யாண ஜிகினா. துடைத்து வைத்தேன்.

அண்ணன் போனை வைத்துவிட்டுச் சொன்னான். "சனிக்கிழம காலேஜ் விழா நமக்குத்தான் பாப்பா. யாரோ 'ஈரமணல்'னு ரெண்டு பேராம். பேசிக்கிட்டே பாடுவானுங்களே, அந்த ரகம்."

யாரோவா. மூன்று வருடமாக மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனில் நான் கேட்பதே அவர்களைத்தான். ஜெரோம் பீட் செய்கிறவர், பாட்டுக்கு அடியில் ஓடுகிற இசை. தமிழரசு ராப் பாடுகிறவர். இருவரும் கடலூர் முதுநகர். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை, கிண்டல் தாங்காது.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். தமிழரசு கத்த மாட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பேசுகிற மாதிரி. மூச்சு வாங்குகிற சத்தத்தைக்கூட வெட்டி எடுக்க மாட்டார். "தொறமொகத்துப் படகுக்கும் கயிறு இருக்கு, எனக்குக் கட்ட ஒரு கம்பம் இல்ல." இந்த வரிக்கு இரண்டு தடவை அழுதாயிற்று.

ஜெரோம் வேறு மாதிரி. ஆர்மோனியத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார். அடியில் எப்போதும் ஒரு கரகரப்பு, பழைய இசைத்தட்டு தேய்கிற மாதிரி. அப்புறம் அந்த டிரம். நான் கை தட்டினால் என் கை முந்திவிடும், அவர் அடி ஒரு நூல் பிந்தி விழும். கம்ப்யூட்டரில் போட்டுச் செய்து பார்த்தேன். நான் செய்தால் தப்பு மாதிரி இருக்கிறது. அவர் செய்தால் நெஞ்சில் போய் உட்காருகிறது. எங்கே கற்றாரோ.

பிப்ரவரி 5, வியாழன்

கடலூர். வெயில் சுள்ளென்று. ரிப்பேருக்குக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர், கேபிள், பிறகு முதுநகரில் குரல் சேர்க்காத பாட்டுகள் உள்ள பென்டிரைவ். ரயிலடிப் பக்கம் ஒரு வடைக்கடைக்கு வரச் சொல்லியிருந்தார் ஜெரோம். போனால் கல்லாவில் இருப்பதே அவர்தான். அம்மாவின் கடை. அம்மா அடுப்பில்.

"பென்டிரைவ்" என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடம் யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ.

அம்மாதான் பேசினார். "நீயா மைக்செட்டு? பொம்பளப் புள்ள. நல்லது. வட சாப்புடு." இரண்டு போட்டுக் கொடுத்துவிட்டு மகனைக் காட்டினார். "இவன் என்னா பண்றான்னே எனக்கு வெளங்கல பாப்பா. கம்ப்யூட்டர் முன்னாடி தலைய ஆட்டிக்கிட்டே கெடக்கான். இவன் மாமா துபாய்ல விசா ரெடி பண்ணிட்டாரு. சனிக்கிழம நானும் வந்து பாக்கப் போறேன். சரியில்லன்னா கெளம்புடான்னு சொல்லிட்டேன்."

ஜெரோம் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அதே நினைப்பு. இவர் துபாயில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த பீட்டையெல்லாம் யார் செய்வது.

பிப்ரவரி 6, வெள்ளி

மைதானத்தில் கம்பம் நட்டார்கள். கேபிள் இழுத்தோம். சரியான தலைவலி. பென்டிரைவை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

மதியம் மேடை தயார். அண்ணன் வழக்கம்போல் முதலில் பிள்ளையார் பாட்டு. மாதா கோயில் கல்யாணத்துக்கும் அவனுக்கு அதுதான் முதல். ஜெரோம் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். அப்புறம் பென்டிரைவைப் போட்டேன்.

டிரம் இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது. அடியில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.

"பாட்டு பூரா ஒரே இரைச்சல் பாப்பா. நேத்து உக்காந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணி அதுலயே திருப்பிப் போட்டுட்டேன்," என்றான் அண்ணன். முகமெல்லாம் பெருமை. யார் பாட்டுக் கொடுத்தாலும் செய்வான். ஸ்கூல் ஆண்டு விழாக்காரர்கள் எங்களைத் தேடி வருவதே அதற்காகத்தான்.

ஜெரோம் திட்டவில்லை. "அது இரைச்சல் இல்லண்ணே. அம்மா வட சுடுற சத்தம். போன்ல புடிச்சது."

ஒரிஜினல் ஜெரோம் வீட்டுக் கம்ப்யூட்டரில். முதுநகர் போய் வர நேரம் இல்லை. யூடியூபில் இருப்பதில் குரலும் சேர்ந்திருக்கிறது, மேடைக்கு ஆகாது. ஜெரோமின் அம்மா முன்வரிசையில், மடியில் கைப்பை. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

மூன்று வருடமாக இசைத்தட்டு என்று நினைத்திருக்கிறேன். முந்தாநாள் அதே சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று வடை தின்றிருக்கிறேன்.

மைதான ஓரத்தில் ஒரு பஜ்ஜி வண்டி. ஒயர்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். "எண்ண தெறிச்சா மைக்கு போயிடும்" என்றபடி பின்னாலேயே அண்ணன். சொன்னவனே அதை வண்டிக் குடைக்கம்பியில் கட்டினான், சட்டிக்கு நேர் மேலே. பஜ்ஜிக்காரர் மாவில் தோய்த்துப் போட்டார். சத்தம் மெலிசு.

ஜெரோமின் அம்மா எழுந்து வந்துவிட்டார். "எண்ணயே காயல. தள்ளுப்பா." முந்தானையைச் செருகினார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மிக்ஸருக்கு வந்து சத்தம் கூட்டும் ஃபேடரை ஏற்றினேன். மைதானம் முழுக்க அந்தக் கரகரப்பு. அம்மா நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு மேடையில் நின்ற மகனை. தமிழரசு மூச்சு வாங்கி ஆரம்பித்தார். மாணவர்கள் கை தட்டினார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். அம்மா வாழைக்காயைத் தோய்க்கிறார், எண்ணெயை ஒரு பார்வை பார்க்கிறார், அப்புறம்தான் விடுகிறார். கைதட்டலுக்கு ஒரு நூல் பிந்தி. ஒவ்வொரு தடவையும். டிரம்மும் சரியாக அங்கேதான் விழுகிறது. ஃபேடரை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

பாட்டு முடிந்து ஜெரோம் வண்டிக்கு வந்தார். அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இத்தினி நாளா என் அடுப்பத்தான் போட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமாம்மா."

வெந்த பஜ்ஜியை அள்ளித் தட்டில் போட்டார். "மாமாகிட்ட விசா வேணாம்னு சொல்லிடு. காலைல மாவு மட்டும் ஆட்டிக் குடுத்துட்டு, அப்பறம் நீ பாட்டுக்குத் தலைய ஆட்டு."

பிப்ரவரி 8, ஞாயிறு

பனி இல்லை. சாமான் இறக்கிக் கேபிள் சுற்றினோம். ஒயர்லெஸ் மைக்கின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த மாவு இரண்டு பொட்டு. ஸ்பிரிட்டும் துணியும் எடுத்தேன். அண்ணன் வந்து துணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"அது அப்படியே கெடக்கட்டும் பாப்பா."