காலில் பட்டது

கல்மார், 9 பிப்ரவரி 1746

அன்பு மகள் மெர்த்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உப்பு மீன் ஒரு பீப்பாய் அனுப்பியிருக்கிறேன்.

உன் புருஷன் வென்செல்மேல் எனக்குச் சந்தேகம். கண்ணாடி உருக்கும் பானை இதுவரை மூன்று வெடித்துவிட்டது. பானை செய்ய நான் பீப்பாயில் அனுப்பும் மண் ஜெர்மனியிலிருந்து வருகிறது, அவனோ கண்ணாடிக்குப் பேர்போன பொஹிமியாவில் தொழில் கற்றவன். பிறகு ஏன் வெடிக்கிறது? டென்மார்க்கில் யாரோ கூடுதல் சம்பளத்துக்கு ஆசை காட்டியிருப்பார்கள். என் ஆலை படுத்தால் ஒப்பந்தம் முறியும், அவன் கிளம்பிவிடலாம். தெருத் தெருவாக ஊசி விற்று முன்னுக்கு வந்தவன் நான். என்னை ஏமாற்ற முடியாது. பானைக்கு மண் மிதிக்கும்போது அவனைக் கவனி.

ஹோக்கன்

ஆல்மோ ஆலை, 20 பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

மீன் கிடைத்தது. உலைச் சூட்டிலேயே சுட்டுச் சாப்பிட்டோம்.

நீங்கள் சொன்னபடி கவனித்தேன். கவனிக்காமலே இருந்திருக்கலாம். அவர் வெறுங்காலால்தான் மிதிப்பார். சின்னக் கல் இருந்தாலும் பாதம் சொல்லிவிடுமாம். நேற்று பாதியில் நின்றார். குனிந்து எதையோ எடுத்து மூக்குப்பொடி டப்பிக்குள் போட்டுக்கொண்டார். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையப் பாரு."

என்னிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை. இப்போது எனக்கும் மனசு சரியில்லை.

மெர்த்தா

கல்மார், 1 மார்ச்

மகளே,

நான் சொன்னேனா இல்லையா? மண்ணில் கலக்கத்தான் எதையோ வைத்திருக்கிறான். டப்பியைத் திறந்து பார். பதினைந்தாம் தேதி காவல் அதிகாரியோடு வருகிறேன். துணிமணியைக் கட்டி வை. நீ என்னோடு வந்துவிட வேண்டும்.

அப்பா

ஆல்மோ, 8 மார்ச்

அப்பா,

டப்பியைத் திறந்தேன். உள்ளே ஐந்து சிப்பித் துண்டுகள், நீல நிறம். காலில் பட்டதை எல்லாம் எடுத்துவிட்டார். படாமல் தப்பியது உலையில் வெந்து பானையைப் பிளந்திருக்கிறது.

ஜெர்மனியில் அந்த மண்ணை வெட்டுவது கடலே தெரியாத மலையில். இந்த நீலச் சிப்பியைக் கல்மார் கடற்கரையில், நம் கிடங்குக்குப் பின்னால் எத்தனை நாள் பொறுக்கி விளையாடியிருக்கிறேன்!

அவர் முன்னால் வைத்தேன். டப்பியை மூடியபடி சொன்னார்:

"மாமாவ நீ தப்பா நினைச்சிடக் கூடாதேன்னுதான் ஒளிச்சு வச்சேன்."

அதிகாரியை அழைத்து வாருங்கள். டப்பி மேசைமேல் இருக்கும். துணிமணி எதையும் நான் கட்டவில்லை.

மெர்த்தா

கல்மார், 19 மார்ச்

மெர்த்தா,

அதிகாரியிடம் நான் போகவில்லை. ஆல்மோவுக்கு வரவும் முகம் இல்லை. பனிக்காலம் தொடங்கியதும் கடல் உறைந்து ஜெர்மனிக் கப்பல் நின்றுவிட்டது. ஆலை ஓயக்கூடாதென்று மண் பீப்பாய்களில் பாதிக்குக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கடற்கரை மண்ணை நிரப்பினேன். மண்ணில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். பானை வெடித்தபோது அது நினைவுக்கு வரத்தான் செய்தது. மாப்பிள்ளையைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

பனி உடைந்ததும் முதல் கப்பலில் நல்ல மண் வரும். மாப்பிள்ளையிடம் சொல்: நான் அனுப்புவது என்பதற்காக விட்டுவிடாமல், அதையும் வெறுங்காலால் மிதித்தே பார்க்கட்டும்.

ஹோக்கன்