அழைத்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? தையல் மெஷினை மிதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நான் சௌக்கியம்.

இங்கே ஒரு பள்ளிக்கூடம் முழுக்க இன்டர்நெட் போன் மாட்டுகிறோம். யார் கூப்பிட்டாலும் முதலில் பதிவுசெய்த குரல்தான் பேசும். சோதித்துப் பார்க்க நான் ஏதாவது பேசிப் பதிய வேண்டியிருந்தது. நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் சொல்வீர்களே, அதுதான் வாயில் வந்தது: “இந்தா, அம்மாகிட்ட பேசு.”

அழிக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலை போன் செய்த, தமிழே தெரியாத இந்த ஊர்ப் பெற்றோர் அத்தனை பேருக்கும் தமிழில் அதுவே பதில்! தலைமையாசிரியை கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். சொன்னதும், “எங்க அப்பாவும் இதேதான் சொல்வாரு” என்று சிரித்துவிட்டார். வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை, கவலைப்படாதீர்கள்.

அழிப்பதற்கு முன் நானே ஒரு தடவை அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்படியே உங்கள் குரல்.

வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்ப வேண்டும். ஒரே ஒரு விஷயம். சட்டைப் பட்டன் அறுந்துவிட்டது. நான் தைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கடைசியில் நூலை எப்படி முடிச்சுப் போடுவது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நீங்களே சொல்லுங்கள். அம்மாவுக்கு அது தெரியாது.

உங்கள் மகன்