நூல் பொதியும் நானும்

பழவேற்காடு,
ஷஅபான் பிறை ஐந்து.

மலாக்காவில் வியாபாரத்தில் இருக்கும் என் மச்சான் கௌஸ் மைதீன் மரைக்காயர் அவர்களுக்கு, கைருன் பீவி ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ் காவலில் வீட்டில் எல்லாரும் உடல் நலம். மனசு நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஜாதிக்காயும் பட்டுத் துண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கூடவே கடிதமும் வந்தது. ஜாதிக்காயை உங்கள் அண்ணி மஸூதாவிடம் கொடுத்தேன். பட்டைப் பெட்டியில் வைத்தேன். கடிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

நான் வாயைக் கட்டத் தெரியாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளித்துத் தின்கிறேன் என்று உங்கள் அண்ணன் எழுதினார், நீங்கள் நம்பிவிட்டீர்கள். இனியும் திருந்தாவிட்டால் பரங்கிப்பேட்டையில் என் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி அவருக்கு உத்தரவும் போட்டிருக்கிறீர்கள். மச்சான், உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இந்த வீட்டு உறியில் இருந்து கேட்காமல் ஒரு முறுக்கு எடுத்தவள் இல்லை நான். எனக்கு வயிறு எரிகிறது. பசியால் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கப்பல் ஏறிய அன்று நினைவிருக்கும். உங்களை வழியனுப்பத் துறைவரை நடக்க முடியாமல் என்னை டோலியில் தூக்கி வந்தார்கள். தொழுகையில் ஸஜ்தாவுக்குக் குனிந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. அதைப் பார்த்துத்தான் கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பே வைத்தியர் ஹகீமை வரவழைத்தீர்கள். அவர் இரவில் சோறு வேண்டாம், கேழ்வரகுக் கூழும் கொள்ளு ரசமும் போதும், நெய்யை மறந்துவிடு என்றார். மறந்தேன். பெருநாளன்று வீடெல்லாம் நெய்ச்சோறு மணக்க, நான் கூழைக் குடித்துவிட்டு விருந்தாளிகளுக்குப் பரிமாறினேன். இதை யாரும் உங்களுக்கு எழுதவில்லை.

எடை போட்டுப் பார்க்கச் சொன்னதும் ஹகீம்தான். எப்போது போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் அப்துல் ஹை மரைக்காயர் கிடங்கு நடத்துகிறவர். கிடங்கில் தினமும் காலையில் எடை பார்க்கும் வழக்கம் உண்டல்லவா, அதை அப்படியே என் மேல் ஏற்றிவிட்டார். ஸுபுஹு தொழுத கையோடு, நூல் பொதி நிறுக்கும் பெரிய தராசில் நான் போய் உட்கார வேண்டும். நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் மஸூதா அக்கா கல் வைப்பார். அந்தப் பக்கம் அண்ணன் நின்று, திரைக்கு மேலே தெரியும் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் காதிலெல்லாம் விழும். நேற்றைவிடக் குறைந்தால் “மாஷா அல்லாஹ்” என்பார். ஏறினால் அன்று பகல் சோறு பாதி.

ஆரம்பத்தில் இறங்கிக்கொண்டுதான் வந்தேன். பிறகு ஒரு நாள் ஏறியது, மறுநாள் இறங்கியது, அதற்கடுத்த நாள் இரண்டுமில்லாமல் நின்றது. ஏறிய நாளில் நான் தின்றது இறங்கிய நாளில் தின்றதைவிடக் குறைவு. எனக்கே புரியவில்லை. முள்ளைப் பார்த்துப் பார்த்து என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது மச்சான். தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்கிறேனோ என்று மஸூதா அக்காவைப் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். அந்த அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.

தோணிரேவு வேலம்மாவை உங்களுக்குத் தெரியும். ஏரி மீனும் கருவாடும் கூடையில் கொண்டுவந்து நம் பின்வாசலில் போடுகிறவள். ஒரு நாள் அவள் கொடுத்த கருவாட்டில் குழம்பு வைத்தோம். எல்லாரும் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன், எல்லார் கண் முன்னாலும்தான். உப்பு சற்று அதிகம். அன்று முழுக்கத் தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் காலை ஒரு வீசை ஏறியிருந்தது. ஒரே இரவில் ஒரு வீசைச் சதை வைக்க வேண்டும் என்றால் நான் ஒரு ஆட்டையே விழுங்கியிருக்க வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. வேலம்மாதான் கூடைக்கு அடியில் அதிரசம் ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று முடிவு கட்டி, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று விரட்டிவிட்டார் அண்ணன். “நா இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு தாயி, மீனு குடுத்தது தப்பா”னு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்காக அவள் திட்டு வாங்கினாள். அந்த மாதக் கப்பலில்தான் என்னைப் பற்றிய கடிதமும் உங்களுக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. உங்களிடம் சொல்லலாம், உங்கள் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? மாதத்தில் சில நாட்கள் பெண் உடம்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும். கால் வீங்கும், வளையல் இறுகும். குளித்து முடிந்ததும் வடிந்துவிடும். அந்த நாட்களில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து “இன்னிக்கும் ஏறிட்சி”னு ஊர் கேட்கச் சொன்னால் ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்? மஸூதா அக்காவுக்குத் தெரியும். அவரும் தலையைக் குனிந்துகொண்டு கல்லை எடுத்து வைத்தார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். போன மழையில் காட்டூரிலிருந்து நூல் வந்திறங்கியது. உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டைக்குச் சரக்கு சேர்த்துக் கொடுக்கும் தரகர் லோகநாதன் முதல் நாள் சாயங்காலம் எடை பார்த்துவிட்டுப் போனார். இரவெல்லாம் மழை. ஏரி மேலிருந்து ஈரக்காற்று. மறுநாள் காலையில் வந்து மறுபடி நிறுத்தால் பொதிகளெல்லாம் கனத்துப் போயிருந்தன. “இன்னா மரைக்காயரே, ராத்திரி நூல்ல தண்ணி தெளிச்சீங்களா”னு கேட்டுவிட்டார்.

உங்கள் அண்ணன் கத்திய கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் உள்ளே கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். “ஈரக்காத்துல நூலு கனக்கும், வெயில் அடிச்சா எறங்கும், இது தெரியாம இன்னாத்துக்குத் தரகு பண்ண வந்தே? ஒரு நாளு எடைய வெச்சி என்னத் திருடன்னு சொல்லுவியா? நாலு நாளு காயவுட்டு நிறு. ஈரத்துக்குன்னு கழிச்சிக் குடுக்கறது வழக்கமா இல்லியா”னு அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது. தரகர் தலையாட்டிவிட்டுப் போனார். உள்ளே நான் கிண்டுவதை நிறுத்திவிட்டேன். கூழ் அடிப்பிடித்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

மச்சான், ஒரு பொதி நூலுக்கு ஈரம் கழித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு இல்லை. நூல் கனத்தால் காற்று காரணம். நான் கனத்தால் நான் திருடி. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவே இல்லை. இத்தனை காலம் சரக்கோடு பழகிய மனிதருக்கு, சரக்குக்குத் தெரிந்த நியாயம் வீட்டுப் பெண்ணுக்கு எப்படித் தெரியாமல் போனது?

மறுநாள் காலை நான் தராசில் உட்காரவில்லை. மஸூதா அக்கா மூலம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்று அவர் உட்காரட்டும், காலையிலும் பகலிலும் ஒரே எடை இருந்தால் நாளையிலிருந்து நான் வாய் திறக்காமல் உட்காருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி உட்காரச் சொன்னேன். ஒரு வீசைக்குச் சற்றுத்தான் குறைவாக ஏறியிருந்தார். மறுநாள் விடிந்ததும் நிறுத்தால் பழையபடி இறங்கியிருந்தது. அவர் எந்த அதிரசத்தைத் திருடினார் என்று நான் கேட்கவில்லை. மஸூதா அக்காதான் கேட்டுவிட்டார். தன் புருஷனை அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அன்றோடு தினத் தராசு நின்றது. இப்போது பிறை கண்ட மறுநாள் காலையில் மட்டும், வெறும் வயிற்றில். அப்போது அண்ணன் கிடங்கில் இருப்பதில்லை. மஸூதா அக்காவே முள்ளைப் பார்த்து என் காதில் மட்டும் சொல்கிறார். நடுவில் ஏறுவதும் இறங்குவதும் உடம்பு பாட்டுக்கு நடக்கட்டும், நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். பிறைக்குப் பிறை பார்த்தால் இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறேன். நீங்கள் போனபோது இருந்ததற்கு இப்போது ஒரு மணங்கு, அதாவது எட்டு வீசை, குறைவு. இதைத்தான் அவர் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

எழுத மாட்டாராம். எழுதியதை மாற்றி எழுதினால் தம்பி முன்னால் தலை குனிய வேண்டுமாம். வேண்டுமானால் அவளே எழுதட்டும், இந்தக் கப்பல் திரும்பி வரும்வரை காத்திருப்பேன், தம்பி பதிலில் என்ன இருக்கிறதோ அதன்படி செய்வேன் என்று சொல்லிவிட்டார். நல்லவர்தான், வஞ்சகம் இல்லை. ஆனால் அவருடைய மரியாதைக்காக நான் திருடி என்ற பெயரோடு பரங்கிப்பேட்டைக்குப் படகு ஏற வேண்டுமா? என் உம்மா கேட்டால் என்ன சொல்வேன்? அதனால்தான், வழக்கமாக எனக்காக எழுதும் அவரை விட்டுவிட்டு இந்தத் தடவை நானே எழுதி, கப்பல் ஓட்டும் நகுதாவின் வீட்டுப் பெண்கள் மூலம் அனுப்புகிறேன்.

ஏரி முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. இறால் வரத்துக் குறைவு. தோணிரேவில் எல்லாரும் முகம் வாடியிருக்கிறார்கள். வேலம்மா இப்போது கூடையோடு மசூதித் தெருவில் வெயிலில் உட்காருகிறாள். அவளைத் திரும்பக் கூப்பிடும்படி உங்கள் அண்ணனுக்கு நீங்கள்தான் எழுத வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார். எனக்காக எழுதத் தயக்கமாக இருந்தால் அவளுக்காகவாவது எழுதுங்கள்.

எனக்காக என்ன எழுதுவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்போதெல்லாம் ஸஜ்தாவிலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுகிறேன். முதல் தடவை அப்படி எழுந்த அன்று உங்களைத்தான் தேடினேன்.

நீங்கள் கொடுத்த உத்தரவுப்படி என்னை அனுப்புவதானால் டோலி வேண்டாம், துறைக்கு நடந்தே போவேன். அனுப்பாமல் நீங்களே வருவதானாலும் நடந்தே வருவேன். ரப்பு உங்களைப் புயலும் பிணியும் தொடாமல் காப்பானாக. கோட்டைப் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கப்பல் வந்துவிட்டதென்று தெரிந்தால், நீங்கள் இறங்கும் வரை எவ்வளவு நேரமானாலும் உட்காராமல் நிற்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் நம்பாமல் போன
கைருன் பீவி