வேகத்தடை கேட்டு வாங்கிய குப்பைத் தொட்டி

என் அருமை வாயாடி மகளுக்கு,

இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய பிடிவாதம் எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீயும் மருமகனும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறீர்களா என்று எழுது. போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய், அதனால்தான் இந்தக் கடிதம், முழுசாகப் படி.

அப்பாவின் சைக்கிள் கடை தெருமுனையில் எதிர்ப்பக்கம், சாப்பாட்டுக்குத் தெருவைக் கடந்துதான் வரவேண்டும், அவருக்கோ ஒரு காது மந்தம். பெரிய ரோட்டில் நெரிசல் என்று பைக்குக்காரர்கள் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் பறக்கிறார்கள். ஒருநாள் ஒரு பைக்கின் கைப்பிடி மாட்டி அவர் சட்டைக் கை பிய்ந்து போய்விட்டது, நல்லவேளை, உள்ளே இருந்த கை மிச்சம். அன்றிலிருந்து மத்தியானமானால் என் கண் அடுப்பில் இல்லை, வாசலில்தான்.

வேகத்தடை வேண்டுமென்று தெருவே சேர்ந்து நகராட்சியில் மனுக் கொடுத்தோம். அங்கே தலைவர் ஒவ்வொரு விஷயமாக வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பார், இல்லையென்றால் நிறைவேறிவிடும். நம்முடையது எப்போதும் கடைசி, அது வருவதற்குள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுவார்கள். நம் தையற்காரர் ஒரு யோசனை சொன்னார், யாரையும் இழுத்துப் பேச விடக்கூடாது, தலைவர் வாய் மூடுமுன் நாம் எல்லோரும் “சரி, அடுத்தது” என்று சொல்லிவிட வேண்டும் என்று. சொன்னோம். என் தொண்டையைப் பற்றி உனக்கே தெரியும். இப்படி ஒரு தங்கமான தெருவை நான் பார்த்ததில்லை என்று தலைவரே மெச்சினார். ஒருவழியாக வேகத்தடை விஷயம் வந்தது, நகராட்சி இன்ஜினியர் எழுந்தார். “இப்பதானேம்மா உங்க தெருமுனையில பெரிய குப்பைத் தொட்டி வைக்கச் சரின்னீங்க? குப்பை லாரி அங்க திரும்பணும், வேகத்தடை போட முடியாது.” தையற்காரர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தொட்டி வந்தது, நாற்றமும் வந்தது. மாடியில் உன் அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள், அது மட்டும் லாபம். ஆனால் ஒரு விஷயம் கேள், லாரி எந்நேரமும் குறுக்கே நின்று முன்னும் பின்னும் போவதால் பறந்த பைக்கெல்லாம் வேறு வழி தேடிப் போய்விட்டது, தப்பித்தவறி வருவதும் தொட்டியைச் சுற்றி ஊர்ந்துதான் வருகிறது. இது புரியாமல் தொட்டியை எடுக்கச் சொல்லி மறுபடி மனு, கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. கூட்டத்தில் தலைவர் ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் உன் அப்பா எழுந்தார், கல்யாணத்தன்றுகூட நாலு வார்த்தை பேசாத மனுஷன். “நாத்தம் மூக்கோட போயிடும். பைக்கு உசுரை எடுத்துட்டுப் போயிடும். தொட்டி இருக்கட்டுங்க.”

தையற்காரர்தான் எழுந்து, “அப்ப ஒரு மூடியாவது போட்டுக் குடுங்க” என்றார். மூடி இன்னும் வந்தபாடில்லை. அத்தை மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள், அதற்கும் ஒரு மூடி கேட்டால் தருவார்களா தெரியவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, மருமகனை ரொம்பக் கிண்டல் செய்யாதே, அது என் சொத்து. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முழுசாகக் கேட்காமல் சரி சொல்லாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். லீவு கிடைத்தால் வந்து அப்பாவைப் பார், இப்போதெல்லாம் நட்டநடுத் தெருவில் நின்று தபால்காரரோடு கதையளக்கிறார். சோறு ஆறுதே என்று வாசலில் நின்று கத்துவதுதான் எனக்கு இப்போது வேலை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பெரிய வாயாடி,
அம்மா